பதினான்கு தும்மல்கள்

“இருநூறு பேர் முன்னாடி நான் பதினோரு நிமிஷம் மெஷினா இருந்தேன்டா தம்பி. ஒருத்தன் கண்டுபிடிக்கல. முதலாளி தேம்பித் தேம்பி அழுதாரு. முதல் பரிசும் எனக்குத்தான், வேலை போனதும் எனக்குத்தான். என் வேலையப் பிடுங்கினதே நான்தான்னா பாத்துக்கோயேன்!”

இப்படிச் சொல்லிவிட்டு அப்புறமக்கா டீயை ஒரே மடக்கில் காலி செய்தாள். எதிரே உட்கார்ந்திருந்த தம்பி நில அளவை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு தடவை அளக்காமல், தன் வீட்டுக்கு வாசற்படி இருக்கிறது என்பதையே ஒப்புக்கொள்ளாத ஆசாமி.

“அக்கா, நான் நிலத்தை அளக்கிறவன். நீ விடுற கதைய அளக்க என்கிட்ட டேப் இல்ல.”

“யார்கிட்டயாவது இரவல் வாங்கிட்டு வாடா.”

“சரி, முதலாளி எதுக்கு அழுதாரு?”

“சட்டைப் பட்டனுக்கு.”

தம்பி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டான்.

அவன்மேல் குற்றமில்லை. ஆனால் தேம்பித் தேம்பி என்பது ஒன்றுதான் அதில் கூடுதல். மற்றதையெல்லாம் அவள் குறைத்துத்தான் சொன்னாள்.

அவள் இருந்தது ஒரு லிஃப்ட் கம்பெனியில். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவர்களுடைய லிஃப்ட்தான் ஏறும், இறங்கும், மனசு சரியில்லாத நாளில் நடுவில் நிற்கும். நின்றால், உள்ளே இருப்பவர் மஞ்சள் பொத்தானை அழுத்துவார். இரண்டாவது மாடியில், மூன்று போன் வைத்த ஒரு மேசையில் மணி அடிக்கும். மேசைக்கு மூன்று பேர். ஒரு கையால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும், மறு காதால் மாட்டிக்கொண்டவரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

பயப்படாதீங்க என்று சொன்னால், பயப்படுகிறவர் அதுவரை மறந்திருந்த பயத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பயப்படுவார். அதனால் அவள் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். “உங்க பைல என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லுங்க” என்பாள். அவர் ஒரு சீப்பு என்பார். “அப்புறம்?” என்பாள். ஒரு குடை. “அப்புறம்?” பத்தொன்பது வருடமாக இந்த ஒரே சொல்லைச் சொல்லித்தான் அவளுக்கு அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கே மறந்துபோயிருந்தது. ஒரு காப்பீட்டு ஏஜெண்டு, கதவைத் திறந்த பிறகும், பையில் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது என்று வெளியே வர மறுத்துவிட்டார். மெக்கானிக் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்து வெளியே வைத்தார்.

போன வருஷம் கம்பெனியில் ஹேக்கத்தான் என்று ஒன்றை அறிவித்தார்கள். அவரவர் வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு நாள் முன்பின் தெரியாதவர்களோடு கூட்டுச் சேர்ந்து, கம்பெனிக்குப் புதிதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். புதுமையும் வளருமாம், ஒற்றுமையும் வளருமாம். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரே அளவு டி-ஷர்ட். ஒல்லியாக இருந்தவர்கள் அதற்குள் காணாமல் போனார்கள், குண்டாக இருந்தவர்கள் மூச்சு விடுவதை நிறுத்தி வைத்தார்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டு, உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டிய பஞ்சு மூட்டைகளைப் போட்டார்கள். லிஃப்டுகளுக்கு மட்டும் யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அவை பாட்டுக்கு நின்றன.

அவள் மேசைமேல் கத்தி தொங்குவது எல்லோருக்கும் தெரியும். போன் எடுக்க எதற்கு மூன்று பேர் என்று மேலே ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலாளரை எல்லோரும் புன்னகை என்பார்கள். ஒருவர் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பும்போதும் பல் தெரியச் சிரிப்பவர். அவர் அவளை நடைவழியில் நிறுத்தினார்.

“அக்கா, ஜெயிச்ச டீமோட பிரிவு மேல யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் வாக்கு தர்றேன்.”

“எழுதித் தருவீங்களா சார்?”

“என் சிரிப்பு போதாதாக்கா?”

போதும் என்று நினைத்ததுதான் அவள் செய்த முதல் தப்பு.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்குக் கிடைத்த கூட்டாளி ஹெட்போன். முப்பத்தைந்து வயதிருக்கும், புரோகிராம் எழுதுபவன். காதில் எப்போதும் அந்தக் கறுப்பு வளையம். தாலி கட்டும்போதும் கழற்றவில்லை என்று கேண்டீனில் பேச்சு. அவன் சொன்ன யோசனை நல்லதுதான். மூன்று போனும் ஒரே நேரத்தில் மணியடித்தால் நாலாவது ஆள் தனியாகக் கிடக்கிறார் இல்லையா, அவரோடு பேச ஒரு மெஷின். அவளைப் போலவே பையைக் கேட்கும், அப்புறம் என்னும். அதற்குள் மேசையில் ஒருவருக்குக் கை ஒழிந்துவிடும்.

“எங்க மேசைக்கு ஒத்தாசையா?”

“ஒத்தாசைதான்கா. உங்க இடத்துக்கு இல்ல.”

இரண்டு நாள் அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்குப் போட்டி. இரண்டே முக்காலுக்கு மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். அது “உங்க பை” என்றது. மறுபடியும் “உங்க பை” என்றது. அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. வழிப்பறிக்காரன்கூட அதைவிட நாலு வார்த்தை மரியாதையாகப் பேசுவான். ஹெட்போன் முதல் முறையாகக் காதிலிருந்து வளையத்தைக் கழற்றினான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“முடிஞ்சுதுக்கா. ஒரு வாரம் குடுத்தா சரி பண்ணிடுவேன்.”

மேசையின் மற்ற இருவரும் மாடிப்படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டி கீழே காட்சிக்கூடத்தில். அங்கே வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக எங்கேயும் போகாத ஒரு லிஃப்ட் நிற்கும். பக்கத்தில் பழைய விளம்பரப் பலகைகளைப் போட்டு வைத்திருந்த ஓர் இரும்பு அலமாரி.

“அந்த ஒரு வாரத்துக்கு நான் மெஷினா இருந்துட்டுப் போறேன்” என்றாள் அவள். “லிஃப்ட் போனை என் போனுக்குத் திருப்பி விடு. நான் அலமாரிக்குள்ள போறேன்.”

“அக்கா, மாட்டிக்கிட்டா?”

“மாட்டிக்கிட்டவங்ககிட்டப் பேசுறதுதானேடா நம்ம பொழப்பே.”

பலகைகளை ஓரமாகத் தள்ளி, உள்ளே நின்று, கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அலமாரியில் இருந்த தூசியை அள்ளிக் கொட்டியிருந்தால் ஒரு ஏரியையே தூர்த்திருக்கலாம்.

யாரோ ஓர் எழுத்தர் வந்து பொத்தானை அழுத்துவார் என்று நினைத்தார்கள். முதலாளியே லிஃப்டுக்குள் போய்க் கதவை மூடச் சொன்னார். அவர் குரலும் மெஷின் குரலும் ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டன.

“சொல்லுங்க, நீங்க தனியா இல்ல. ஆள் கிளம்பியாச்சு. உங்க பைல என்னென்ன இருக்கு?”

“எனக்கு ஏது பை? பையைத் தூக்க ஆள் இருக்கு.”

“சட்டைப் பைல?”

“பேனா. மாத்திரை.”

“அப்புறம்?”

“கண்ணாடி.” பையைத் துழாவும் சத்தம் கேட்டது. “ஒரு பட்டன்.”

“எந்தப் பட்டன் ஐயா?”

“இந்தச் சட்டையோடதுதான். அறுந்து மூணு மாசம் ஆகுது. அவ இருந்தா தைச்சிருப்பா. யார்கிட்ட குடுக்கிறதுன்னு தெரியல, கூடவே வச்சிட்டுச் சுத்துறேன்.”

“ஊசியும் நூலும் இருந்தா ரெண்டு நிமிஷ வேலை ஐயா. அப்புறம்?”

ஊரையே விலை பேசும் மனிதர், எங்கேயும் போகாத லிஃப்டுக்குள் நின்று, செத்துப்போன மனைவியைப் பற்றி இருநூறு பேர் கேட்கப் பேசினார். அவள் “அப்புறம்?” என்று மட்டும் கேட்டாள். ஒன்பதாவது நிமிடத்தில், அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், அலமாரிக் கதவே அதிரும்படி ஒரு தும்மல் போட்டாள்.

கூடம் உறைந்தது. ஹெட்போன் கண்ணை மூடிக்கொண்டான். முதலாளி இரண்டு நிமிடம் கழித்து வெளியே வந்து, மூக்கை உறிஞ்சி, தொண்டையைச் செருமினார்.

“தும்மல்கூட வச்சிருக்கீங்களேய்யா! இதுதான்யா புதுமை!”

கைதட்டலில் காட்சிக்கூடத்துக் கண்ணாடி விரிசல் விட்டது. முதல் பரிசு.

கூட்டம் கலைந்ததும், ஆரஞ்சு டி-ஷர்ட் முழுக்கத் தூசியோடு அவள் நேரே புன்னகையிடம் போய் உண்மையைச் சொன்னாள். உள்ளே இருந்தது நான்தான், மெஷின் இன்னும் ஓடவில்லை என்றாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அக்கா, உங்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருக்கும்னு இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே.”

அடுத்த திங்கட்கிழமை மேசையில், சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு மூன்று அட்டைப்பெட்டிகள் இருந்தன, ஆளுக்கு ஒன்று. அவள் புன்னகையிடம் போனாள்.

“வாக்கு குடுத்தீங்களே சார். பிரிவு மேல கை வைக்க மாட்டோம்னு.”

“யாருக்கா கை வச்சா? பிரிவு அப்படியேதான் இருக்கு. ஆளுங்கதான் இல்ல.”

“அந்த மெஷின் ஓடாது சார்! ஹெட்போனைக் கேளுங்க!”

ஹெட்போனையும் கேட்டார்கள். ஓடாது, ஒரு வாரம் வேண்டும் என்று அவனும் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் முதலாளி நாளைக்கே எல்லாக் கட்டடத்திலும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, அழுதுவிட்டு வந்த மெஷின் அது. அது இல்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல அந்தக் கட்டடத்தில் யாருக்கு முதுகெலும்பு இருந்தது? புன்னகைக்கு ஒரு வழி தோன்றியது. போட்டி அன்று அவள் பேசியதைப் பதிவு செய்தது இருக்கிறதே, அதையே போட்டுவிடுங்கள், ஆறு மாதத்தில் வெளியிலிருந்து சரியான மெஷினே வாங்கிவிடலாம் என்றார். ஹெட்போனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மூன்று போனையும் பிடுங்கினார்கள். மணி அடிக்க ஒரு மேசை இல்லை.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. வேலை தேடி ஏறி இறங்கின இடத்திலெல்லாம், உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். மாட்டிக்கொண்டவர்களோடு பேசத் தெரியும் என்றாள். அதற்கு இப்போது மெஷின் வந்துவிட்டதே அம்மா என்றார்கள். வீட்டில் போன் அடித்தால், பழக்க தோஷத்தில் “சொல்லுங்க, நீங்க தனியா இல்ல” என்று எடுத்தாள். எதிர்முனையில் கடன் அட்டை விற்கிறவர்கள் பயந்துபோய் வைத்தார்கள். நாளடைவில் அவர்களும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

தம்பி மட்டும் ஞாயிற்றுக்கிழமை வருவான். வந்ததும், “என்னக்கா மெஷினே, எண்ணெய் போட்டாச்சா?” என்பான். அலமாரி எத்தனை அடி உயரம், நீ எத்தனை அடி என்று கேட்டு, நீ உள்ளே நிற்கவே முடியாது என்று கணக்குப் போட்டு நிரூபிப்பான். குனிந்துதானடா நின்றேன் என்றால், பதினோரு நிமிடமா என்பான். பேசிப் பேசி அவளுக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. டி-ஷர்ட்டை எடுத்துத் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். அது எப்போதோ வெளுத்துப் போயிருந்தது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவன் வந்தான். சட்டை நனைந்திருந்தது. விரல் நுனியெல்லாம் கிரீஸ். செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

“என்னடா இது கோலம்?”

“ஒரு கட்டடத்தை அளக்கப் போனேன். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோச்சு. மஞ்சள் பொத்தானை அழுத்தினேன்.”

அவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

“நீ எடுத்த” என்றான் தம்பி. “அக்கா, நான்தான், உன் தம்பின்னு கத்துறேன். ஆள் கிளம்பியாச்சு, உங்க பைல என்னென்ன இருக்குன்னு கேக்குற. வெளையாடாதக்கான்னேன். அதுக்கு, சட்டைப் பைலங்கிற.”

“நீ என்ன பண்ணின?”

“என்ன பண்ணுவேன்? சொன்னேன். டேப், பென்சில், மூக்குப்பொடி.”

“மூக்குப்பொடியா? விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணினியே!”

“அதான் இப்ப சொல்லிட்டேனே. எந்தப் பட்டன் ஐயான்னு கேட்ட. சட்டையத் தடவிப் பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருந்துது. ஊசியும் நூலும் இருந்தா ரெண்டு நிமிஷ வேலைன்ன. அப்பத்தான்கா எனக்குக் குப்புனு வேர்த்துது.”

“ஆள் யாராவது வந்தாங்களா?”

“யார் வருவா? அது யாரையும் கூப்பிடல. பேச மட்டும்தான் செய்யுது. முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து நான் தனியா இல்லங்குது. கடைசில ஒரு குழாய் ரிப்பேர்காரர் சத்தம் கேட்டுக் கடப்பாரையால நெம்பித் திறந்தாரு. அவரு வராட்டி இன்னும் உன்கிட்ட பையத்தான் கொட்டிட்டு இருந்திருப்பேன்.”

“எவ்வளவு நேரம்டா?”

தம்பி பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தான். லிஃப்ட் சுவரில் வைத்து எழுதியது, பென்சில் கோணலாக ஓடியிருந்தது. நாலு நாலு கோடாகப் போட்டுக் குறுக்கே வெட்டியிருந்தான். அப்படி இரண்டு கட்டு, கூட நாலு கோடு.

“பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தும்மல். நான் வெளிய வர்றதுக்குள்ள பதினாலு. அளந்துட்டேன்.”

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். மறுபக்கத்தில் அச்சடித்த எழுத்து. நில அளவை அலுவலகத்தின் சுற்றறிக்கை. புதுமையையும் ஒற்றுமையையும் வளர்க்க அடுத்த வாரம் இரண்டு நாள் ஹேக்கத்தான், ஊழியர்கள் அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்.

“இதையும் அதுகிட்ட படிச்சுக் காட்டினியா?”

“காட்டினேன்.”

“என்ன சொல்லிச்சு?”

“அப்புறம்னுச்சு.”

அவள் தாளை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தாள். அவன் கிரீஸ் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“நடந்ததுதான்கா” என்றான். “நீ சொன்னது அத்தனையும் நடந்ததுதான்.”