நாற்பதாவது சொல்

மொழி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செய்தி இது: ‘ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றை உண்டாக்குதல்’ என்ற பொருளுக்கு நாற்பது சொற்களை, இன்று மாலை நான்கு மணிக்கு, எங்கள் அகராதி அலுவலகம் அச்சுக்கு அனுப்புகிறது.

அலுவலகம் என்பது இரண்டு மேசை, ஓர் அலமாரி, சுற்றாத மின்விசிறி. தலைமைப் பதிப்பாசிரியர் ஒருவர்; துணைப் பதிப்பாசிரியர் அவருடைய மனைவியின் தம்பி. சொல் அட்டைகளை எழுத ஒரு தற்காலிகப் பெண். நாற்பது தேறினால் அவளுக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் நாளை முதல் வரவேண்டாம்.

மூன்றரை மணிக்குக் கையில் இருந்தவை முப்பத்தொன்பது. படைத்தல், ஆக்குதல், இயற்றுதல், தோற்றுவித்தல் என்று கம்பீரமாகக் கிளம்பிய ஊர்வலம், கதைகட்டுதல், இட்டுக்கட்டுதல், கயிறுதிரித்தல் என்று சந்துக்குள் நுழைந்து மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

“இன்னும் ஒண்ணு கிடைக்கலையாம்மா?”

“அலமாரியையே கவுத்துப் பாத்துட்டேன் சார். தூசிதான் விழுந்துச்சு.”

“முப்பத்தொன்பதுன்னே போட்டுடலாமே மாமா?” என்றார் துணை.

“தள்ளுபடி விலை மாதிரி இருக்கும், மச்சான்!”

அவள் வெற்று அட்டை ஒன்றை எடுத்தாள். ‘காற்றுப்பிசைதல்’ என்று எழுதினாள். கீழே எடுத்துக்காட்டு: ‘மாவில்லாத வீட்டிலும் அவள் காற்றுப்பிசைந்து விருந்து வைத்தாள்.’

இனிமேல்தான் கண்டம். எந்தச் சொல்லையும் ‘என் காதால் கேட்டேன்’ என்று இருவர் கையெழுத்திட்டால்தான் அட்டை செல்லும். அவள் அட்டையைத் தலைமையின் முன் வைத்தாள்.

தலைமை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“அடடே! எங்க பெரியப்பா வாய்க்கு வாய் சொல்வாரே இதை!”

துணைக்குப் பொறுக்குமா?

“உங்க பெரியப்பா எங்க வீட்டுல கேட்டுட்டுப் போனது மாமா அது. எங்க அத்தை தினம் காத்துப்பிசைவாங்க.”

“தினமுமா சார்?”

“ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு வேளை!”

“உங்க அத்தைக்கு ஒழுங்காச் சொல்ல வருமா? நடுவுல அழுத்திச் சொல்லணும்யா!”

“அழுத்தாமச் சொல்றதுதான் மாமா பழைய வழக்கு!”

கீழே விழாத குண்டூசியைத் தேடி அவள் மேசைக்கடியில் புகுந்தாள். சிரிப்பை அங்கேதான் கொட்ட முடிந்தது. எழுந்து பார்த்தபோது அட்டையில் இரண்டு கையெழுத்துகள். முதலாவதன் அருகில் ‘மிகத் தொன்மையானது’ என்று இருந்தது. இரண்டாவதன் அருகில், ‘அதைவிடத் தொன்மையானது’.

நான்கு மணிக்கு நாற்பது அட்டைகளும் அச்சகத்துக்குப் போயின. ஐந்து மணிக்கு அவள் வேலை நிரந்தரமாயிற்று.

பதவி: சொல் சரிபார்ப்பாளர்.