பெயருக்குப் பக்கத்தில் ஊர்

"அப்ப மகன்ட பேருக்கு முன்னுக்கு 'காலஞ்சென்ற' போடுறதா?" என்று கேட்டுவிட்டு, பஹ்மி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அச்சுக்கடைக்கு, அம்மாவின் மரண அறிவித்தலைக் கொடுக்க வந்திருந்தாள் நதீஷா. அம்மா றீற்றா அன்று காலையில்தான் பன்வில வீட்டில் கண்ணை மூடியிருந்தாள். திரையில், 'சுவக்கினின் அன்பு மனைவியும், றெஜினோல்ட், நதீஷா (பேராதனை) ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்பது வரை வந்து நின்றது.

"போட வேணாம்" என்றாள்.

"அப்ப எங்க ஈக்கிறாருண்டு சொல்லுங்க மிஸ். பேருக்குப் பக்கத்தில ஊரப் போடணுமே."

அவன் கேட்டதும் நியாயம்தான். நம்மூர் மரண அறிவித்தல்களில் செத்தவரைவிடப் பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்குத்தான் மவுசு. கனடா, லண்டன், கட்டார் என்று அடைப்புக்குறிகள் வரிசைகட்டி நிற்கும். விமானப்படையில் சேர்ந்து, போர் விமானம் ஓட்டிக்கொண்டு வடக்குக் கடலுக்கு மேலே போய், இருபத்துநாலு வயதில் காணாமல் போன அண்ணனுக்கு எந்த ஊரைப் போடுவது? விமானமும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. யுத்தமே முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

அவன் இல்லை என்பது நதீஷாவுக்கு எப்போதோ விளங்கிவிட்டது. அம்மாவுக்கு விளங்கியதா என்பதுதான் தெரியாது. கேட்க ஒருநாளும் வாய் வந்ததில்லை. அவனுடைய பிறந்தநாள்தோறும் அம்மா மாதா கோயிலில் அவன் பேரில் பூசை கொடுப்பாள். அவன் சுகமாய் இருக்கவென்றா, செத்தவனின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவா? அது தெரிந்தால் அம்மாவின் மனம் தெரிந்துவிடும். செத்த வீட்டு வேலைக்கு நடுவே இப்படியொரு ஆவல் தன்னைப் போட்டு ஆட்டுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் வாசலுக்கு வந்து அப்பாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அப்பா, அண்ணனுக்கு அம்மா பூசை குடுப்பாங்களே, அது உயிரோட இருக்கவங்களுக்கா, செத்தவங்களுக்கா?"

சுவக்கின் இருமினார். பின்னால் செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது.

"ரெண்டுலயும் இல்லம்மா. பயணத்துல இருக்கவங்களுக்குன்னு குடுப்பா. சாமியாரும் பூசையில அத அப்படியே வாசிச்சிருவாரு."

"நீங்க ஒன்னும் சொல்லலியா?"

"நான் என்னத்த சொல்றது. பக்கத்துல முழங்கால்ல நின்னேன்."

அம்மா கெட்டிக்காரிதான் என்று நினைத்ததும் நதீஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அது முடியும் முன்னே அழுகையும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"'பயணத்தில்'னு போடுங்க தம்பி."

பஹ்மி அப்படியே அடித்தான். அடுத்த வரியில் 'நல்லடக்கம்' என்று அடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"எப்ப வந்து சேருவாரு மிஸ்? ஒங்கட ஆக்கள் மகன் வரும்வரைக்கும் வச்சிட்டு ஈப்பாங்களே. நேரத்தப் பொறகு போடுவமா?"



"வேணாம். நாளைக்குப் பின்னேரம் மூனு மணின்னே போட்டுருங்க" என்றாள். "யாருக்காகவும் வச்சிருக்கல."

பஹ்மி தலையாட்டிக்கொண்டு மூன்றை அழுத்தினான்.