சைக்கிள் ரோந்தும் புஜெமாவின் தொழுகைகளும்

தாரூதான்த் நகரத்தில் குழந்தைகள் நடக்கக் கற்பதற்கு முன்பே சைக்கிள் ஓட்டக் கற்றுவிடுவார்கள். மதில்சுவருக்குள் தலைக்கு ஒன்றரை சைக்கிள் தேறும். பெருநாள் ஆட்டுக்கிடா கேரியரில் உட்கார்ந்துதான் வீடு வந்து சேரும்; வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது கூட அதற்குத் தெரிந்திருக்கும். செத்தவர்களைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அதுவும் வேறு வழியில்லாமல்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒன்பது வருடமாகப் போலீஸ் மட்டும் காரில் போனது.

அந்தக் காரை ஓட்டியவர் சார்ஜெண்ட் இத்தர். வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். ஊர்ச் சந்துகளில் முக்கால்வாசிக்குள் கார் நுழையாது. ஆகவே ரோந்து என்பது மதிலை ஒட்டி வலம் வருவது, சந்தை முனையில் நிற்பது, ஹார்ன் அடிப்பது. திருடன் கூட பயப்படாமல் கை காட்டிவிட்டுப் போவான்.

எலுமிச்சைச் சந்தின் முனை வந்தால் மட்டும் கார் நத்தையாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கமிஷனர் ஸ்கல்லி கேட்பார்:

"ஏன்யா இத்தர், இந்த எடம் வந்தா மட்டும் வண்டிக்கு மூச்சு வாங்குது?"

"கியர்ல ஏதோ கோளாறுங்கய்யா."

"ஒம்போது வருஷமாவா?"

கோளாறு கியரில் இல்லை. சந்தின் கடைசியில் இத்தரின் அண்ணன் புஜெமாவின் முடிதிருத்தும் கடை இருந்தது. முனையிலிருந்து பார்த்தால் பாதிக் கதவு தெரியும். சில நாள் அந்தக் கதவிலிருந்து ஒரு கை நீண்டு வெள்ளைத் துணியை உதறிவிட்டு உள்ளே போகும். ஒன்பது வருடமாக இத்தர் தன் அண்ணனில் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான். கை தெரிந்த நாளில் அவருக்குப் பசிக்காது. தெரியாத நாளிலும் பசிக்காது. ஆனாலும் ஆள் பெருத்துக்கொண்டே போனார். அது காரின் புண்ணியம்.

சண்டை நடந்தது கார் வந்த முதல் வாரத்தில். பொழுது சாய்கிற நேரம். விளக்கில்லாத சைக்கிளில் புஜெமா வந்துகொண்டிருந்தார். அப்போதுதான் ஃபெஸ் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த கமிஷனர், "நிறுத்து அந்த ஆளை!" என்றார். இத்தர் இறங்கினார். மேலதிகாரியின் கண் முதுகில் குத்திக்கொண்டிருந்தது. நோட்டுப் புத்தகத்தை விரித்து, சந்தை மொத்தமும் பார்க்க, கூடப் பிறந்தவனைப் பார்த்துக் கேட்டார்:

"பேர் என்ன?"

புஜெமா பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சொன்னார். அம்மா பெயரைக் கேட்காமலேயே சொன்னார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அதோடு பேச்சு நின்றது. அம்மாவின் அடக்கத்தன்று கூட இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள், நடுவே மூன்று பேரை விட்டு. இத்தர் அந்த மூன்று பேரையும் இன்று வரை மன்னிக்கவில்லை.

நடந்து போய் ஒரு ஸலாம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போகலாம்தான். ஆனால் தம்பி அண்ணன் காலில் விழப் போகிறான் என்று அவர் சந்துக்குள் கால் வைக்கும் முன்னே மொத்த ஊரும் சந்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே அப்பாவின் மூக்கு, அதன் நுனியில் ஒரே வீம்பு.

இப்படி இருக்கையில் லல்லா தாமு வீட்டுச் சேவல் காணாமல் போனது. அந்த அம்மாள் எலுமிச்சைச் சந்தில் எழுபது வருடமாக இருப்பவர். அவர் அடுப்படியில் தும்மினால் மதிலுக்கு வெளியே ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் உதிரும். புகார் கொடுத்தார். கார் வந்து சந்து முனையில் நின்று ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. மறுநாள் காலை நாற்பது பெண்கள் நாற்பது சைக்கிளில் போலீஸ் நிலையத்து வாசலுக்கு வந்து ஒரே நேரத்தில் மணியடித்தார்கள். கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது.

"என்னம்மா வேணும்?" என்றார் கமிஷனர்.

"எங்களுக்குப் போலீசு வேணும்யா. நீங்க அனுப்புறது காரு," என்றார் லல்லா தாமு.

"காருக்குள்ள இருந்தாத்தாம்மா அரசாங்கம். சைக்கிள்ல போனா வெறும் ஆளு!"

"அந்த வெறும் ஆளைத்தான் அனுப்புங்க. அரசாங்கத்தை நீங்களே வச்சுக்கங்க."

கமிஷனர் ஒரு மாதம் சைக்கிள் ரோந்துக்கு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு மாதம். முடிவில் இத்தர் அறிக்கை எழுத வேண்டும். சைக்கிளால் லாபமில்லை என்று வந்தால் திரும்பவும் கார்.

அன்று இத்தருக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஒரு பழைய முறை. வண்டியில் போகிறவர், நடப்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் தானே முந்திக்கொண்டு ஸலாம் சொல்ல வேண்டும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரில் போகிறவனை யாரும் இதில் சேர்ப்பதில்லை; சைக்கிள்காரனுக்குத் தப்ப வழியில்லை. அதாவது, அண்ணனுக்கு முதலில் ஸலாம் சொல்வது இனி தோல்வி இல்லை, உத்தியோகம். சொல்லப்பட்ட ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பாவம். புஜெமாவோ எறும்பை மிதித்துவிட்டால் திரும்பி வந்து நலம் விசாரிக்கிற ஆள்.

முதல் நாள் ரோந்து நாலரை மணி நேரம் பிடித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஸலாம், பதினோரு கிளாஸ் புதினா டீ, இரண்டு கல்யாண அழைப்பு. யார் வீட்டுத் தாழ்ப்பாள் விழாது, எந்தக் கடைக்காரன் இருட்டில் எடை குறைக்கிறான் என்று ஒன்பது வருடத்தில் தெரியாததெல்லாம் ஒரு காலையில் தெரிந்தது. சேவலும் கிடைத்தது. அதை யாரும் திருடவில்லை. மூன்றாவது வீட்டில் எட்டுக் கோழிகளோடு தானாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

கடைசியாக எலுமிச்சைச் சந்து. இத்தருக்கு இதயம் பெடலில் துடித்தது. கடைக்குள் புஜெமா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்துவிட்டது, மறுகன்னத்தில் நுரை. மணிச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார். சந்து முனையில் தம்பியைப் பார்த்தார். அவர் வந்து சேர்வதற்குள் கத்தியை வைத்தார், கை கால் கழுவினார், பாயை விரித்தார், தொழும் திசையான கிப்லாவை நோக்கி நின்று தொழத் தொடங்கிவிட்டார்.

தொழுகிறவர் பதில் ஸலாம் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். காலை பத்து மணிக்கு மணிச் சத்தம் கேட்டால் புஜெமா பாயில் இருப்பார். நின்று, குனிந்து, நெற்றி பதித்து எழுகிற சுற்று ஒன்று ஒரு ரக்அத்; அவர் எட்டு ரக்அத், பத்து ரக்அத் தொழுவார், எல்லாம் உபரித் தொழுகை. இவ்வளவு பக்தியை அந்தச் சந்து கண்டதில்லை. ஒரு பக்கம் மழித்து ஒரு பக்கம் தாடியோடு ஆண்கள் ஊருக்குள் திரிந்தார்கள். இரண்டாம் வாரத்தில் அதுதான் நாகரிகம் என்று நினைத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டு வந்தார்கள்.

இத்தர் சும்மா இருப்பாரா? ரோந்தை மாலைக்கு மாற்றினார். பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு பொழுது விழும் வரை உபரித் தொழுகை கூடாது. மாட்டிக்கொண்டான் அண்ணன் என்று விசில் அடித்துக்கொண்டே சந்துக்குள் வந்தார். புஜெமா பாயில் நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப என்ன தொழுகை?" என்றார் இத்தர், வாசலில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த லல்லா தாமுவிடம்.

"சின்ன வயசுல விட்டதையெல்லாம் இப்ப திருப்பித் தொழுவுறாராம். களா. அதுக்கு நேரங்காலம் கெடையாதாமே?"

இத்தர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார். சின்ன வயதில் விட்ட தொழுகைகள். எல்லாம் அஸர். அவருக்கு ஒவ்வொன்றும் தெரியும். பள்ளிவாசலுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரே சைக்கிளில், அண்ணன் மிதிக்க, தம்பி முன்கம்பியில் உட்கார, ஆற்றங்கரைக்குப் போன அஸர்கள். காவல்காரன் துரத்த ஆரஞ்சை ஜிப்பாவுக்குள் போட்டுக்கொண்டு ஓடிய அஸர்கள். இறக்கத்தில் அண்ணனின் முகவாய் தம்பியின் உச்சந்தலையில் இடித்துக்கொண்டே வரும். எத்தனை அஸர் விட்டார்கள் என்று அந்த ஊரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் எதிரே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்.

"ஏன்யா கண்ணு கலங்குது?" என்றார் லல்லா தாமு.

"மாவு பறக்குதும்மா."

"பெசைஞ்ச மாவு எங்கிட்டுப் பறக்கும்?"

அதற்குப் பிறகு இத்தர் தினமும் வந்தார். தினமும் ஒரு பழைய அஸர் தீர்ந்தது. இருவரும் சேர்ந்து போன மாலைகளை அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிடுவது போலவும், தன்னைக் கூப்பிடாமல் அந்த ஆற்றங்கரைக்குத் தனியாகப் போய்வருவது போலவும் இருந்தது அவருக்கு. வீட்டில் அறிக்கைத் தாள் வெறுமையாகக் கிடந்தது.

முப்பதாவது நாள் வந்தது. அறிக்கை போகாவிட்டால் நாளை காலையிலிருந்து கார். கண்ணாடி. மதிலைச் சுற்றி வலம்.

சந்துக்குள் வந்தபோது புஜெமா இரண்டாம் ரக்அத்தில் இருந்தார். நாற்காலியில் நுரையோடு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இவரு எப்பத்தாம்மா முடிப்பாரு?" என்றார் இத்தர்.

லல்லா தாமு தலை நிமிராமல் சொன்னார்: "முடிக்கணும்னா ஸலாம் கொடுத்துத்தானே முடிக்கணும்? வலப்பக்கம் திரும்பி?"

இத்தர் அந்த அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் மாவைப் பார்த்தார்.

இத்தர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பூட்ஸைக் கழற்றினார். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகாமல், பின்னால் சுற்றிப் போய், பாயின் வலப்பக்கம் முழங்கையளவு தூரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஊர் வழக்கப்படி தொழுகையின் முடிவில் ஒரே ஸலாம்தான். அதுவும் வலப்பக்கம், அங்கே இருக்கும் மலக்கு என்னும் வானவருக்கு.

புஜெமாவின் தோள் ஒரு கணம் விறைத்தது. மூன்றாம் ரக்அத்தில் நீண்ட அத்தியாயம் எதுவும் ஓதுவதில்லை; ஒரு மணி நேரம் நிற்க அதில் வேலையில்லை, ஆனால் நின்றார். நெற்றியைத் தரையில் வைத்தவர் எழுந்திருக்க மறந்தது போலக் கிடந்தார். சந்தின் எல்லாக் கதவும் ஒவ்வொன்றாகத் திறந்தது. நாற்பது சைக்கிள் முனையை அடைத்து நின்றது. நாற்காலிக்காரர் விழித்து, நுரை காய்ந்து வெடித்த முகத்தோடு, "அண்ணனும் தம்பியுமா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் மீண்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி அமர்வு. புஜெமா முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார். இனி ஓத எதுவும் மீதமில்லை. மின்கம்பியில் ஒரு குருவி கூடு கட்டத் தொடங்கி, கட்டி முடித்து, முட்டையும் இட்டது என்று சந்துக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். இத்தர் அசையவில்லை. அண்ணனின் காதில் நரைமுடி முளைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது எப்போது முளைத்தது? எந்த வருடம்? யாரைக் கேட்பது?

புஜெமா மெல்ல வலப்பக்கம் திரும்பினார். முகம் எதிரே முகம், ஒரே மூக்கு எதிரே ஒரே மூக்கு.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வ அலைக்கும் ஸலாம், அண்ணே."

"நான் மலக்குக்குச் சொன்னேன்," என்றார் புஜெமா.

"தெரியும்ணே. அவரு கொஞ்சம் தள்ளி உக்காந்து எனக்கு எடம் விட்டாரு."

"ஒன்னை யாரும் கூப்பிடல."

"ஒம்போது வருஷமா கூப்பிடல. அதான் நானே வந்தேன்."

"பேரைக் கேட்டியேடா." புஜெமாவின் குரல் திடீரென்று சிறுத்தது. "எங்கிட்டயே."

"வாயில அதுதாண்ணே வந்துச்சு. பக்கத்துல ஐயா நிக்கிறாரு. நான் ஒரு பயந்தாங்கொள்ளி." இத்தர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா அந்தப் பேரை அன்னிலேர்ந்து தெனம் நூறு தடவை சொல்லியிருக்கேன். காருக்குள்ள. கண்ணாடியை ஏத்திட்டு."

புஜெமா பாயைச் சுருட்டினார். அதற்கு இரண்டு நொடி போதும். அவர் நிதானமாகச் சுருட்டினார். பிறகு தம்பியின் பின்கழுத்தைப் பார்த்தவர் அதிர்ந்துபோனார்.

"டேய்! இதை யாருடா வெட்டுனது? ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு!"

"போலீஸ் கேண்டீன் பக்கத்துல ஒருத்தன்…"

"அவனைப் பிடிச்சு உள்ள போடு. எந்திரி."

நுரைக்காரரை எழுப்பி வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். அவருக்கு அது பழகிவிட்டது. தம்பியை நாற்காலியில் அமர்த்தினார். இடுப்பு வாக்கிடாக்கி கரகரத்தது.

"இத்தர்! எங்கய்யா இருக்க? அறிக்கை எங்க? காரா சைக்கிளா, ஒரு முடிவு சொல்லு!"

இத்தர் பட்டனை அழுத்தினார். "ரோந்துலதாங்கய்யா இருக்கேன். காரு போகாத எடம். முடிய நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

இத்தர் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தார். புஜெமா கத்தரிக்கோலைக் காற்றில் நாலு முறை வெட்டிப் பார்த்துக்கொண்டு, "தலையை ஆட்டாதடா," என்றார்.

இத்தரின் தலையில் இருந்ததே நாற்பது முடிதான். புஜெமா அதை இருட்டும் வரை வெட்டினார்.