பாதித் துளிகள்

ஆயுத பூசை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, வினோதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரைக்கால் ஆய்வகத்தில் அவளும் ஷஃபீனாவும் ஒரு வருஷமாக மாரடித்த வேலை பலித்துவிட்டதாம்.

வேலை இதுதான். பட்டினச்சேரிக் கரையில் நாறிக் கிடக்கும் இறால் ஓட்டை உப்புத் தண்ணீரிலேயே கரைக்கிற புரதம் ஒன்று வேண்டும். புரதத்தை ஆயிரம் விதமாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு துளிக்குள் அடைத்து, முடியைவிட மெல்லிய வாய்க்கால்கள் ஓடும் உள்ளங்கையளவு கண்ணாடிச் சிப்புக்குள் வரிசையாக விடுவார்கள். ஓட்டைக் கரைக்கத் தெரிந்த புரதம் இருக்கிற துளி நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். இத்தனை நாளும் ஒரு துளிகூட ஒளிரவில்லை. இன்றைக்குப் பாதித் துளிகள் ஒளிர்ந்தன.

பாதியா? ஷஃபீனாவுக்கு இடித்தது. வகுப்பில் பாதிப் பேர் முதல் ரேங்க் வாங்கினால் வாத்தியாருக்குச் சந்தேகம் வராதா? வினோதா சாப்பிடப் போன நேரத்தில், புரதமே இல்லாத வெறும் துளிகளை ஓட்டிப் பார்த்தாள். அவற்றிலும் பாதி ஒளிர்ந்தன. துளிகளுக்கு ஊற்றும் கரைசல் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். மூடியிலும் கழுத்திலும் வினோதா பூசைக்கு வைத்த மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தது. நீல வெளிச்சம் பட்டால் மஞ்சளும் பச்சையாகத்தான் ஒளிரும்; அதன் துகள் புகுந்த துளியெல்லாம் ஒளிர்ந்திருக்கிறது.

சொல்ல வாய் வரவில்லை. உன் பூசை மஞ்சளால் கெட்டது என்று வேறு யார் சொன்னாலும் அது வேதியியல். ஷஃபீனா சொன்னால்? அன்று முழுக்க மென்று விழுங்கினாள். மறுநாள் காலை வினோதா பேராசிரியரிடம் சொல்லக் கிளம்பியபோதுதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வினோ, அது மஞ்சள்டி. பாட்டில்ல விழுந்திருக்கு.”

வினோதா பாட்டிலைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. “எப்ப தெரியும் உனக்கு?”

“நேத்து மத்தியானம்.”

“அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“உன் பூசை மஞ்சளாச்சே. நான் போய் சொன்னா நீ எப்படி எடுத்துப்பியோன்னு…” வினோதாவுக்கு, உழைப்பு வீணானதற்கு வராத கண்ணீர் இப்போது வந்தது. “என்னைப் போய் அப்படி நினைச்சிட்டியேடி!”

“தப்புதான் வினோ.” ஷஃபீனாவுக்கு வெட்கமாக இருந்தது.

பாட்டிலைக் கொட்டிக் கழுவி, புதுக் கரைசல் கலந்து, சாயங்காலம்வரை ஓட்டினார்கள். ஒரு துளியும் ஒளிரவில்லை.

“நாளைக்கு நீ ஏதாச்சும் சொதப்பினா அந்த நிமிஷமே கத்துவேன், பாத்துக்க,” என்றாள் வினோதா, சிப்பைக் கழுவிக்கொண்டே.

“கத்துடி,” என்றாள் ஷஃபீனா. ஒரு வருஷத்தில் இத்தனை நிம்மதியாக அவள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.