நஞ்சன் ஊட்டுக் கூறு

"ஒரு கூறு மிச்சமாக் கெடக்குதே," என்றார் வெள்ளியங்கிரி.

"மிச்சமில்லீங்க. எல்லாத்துக்கும் ஆளிருக்குது," என்றார் கொத்துக்காரர்.

கருப்பராயன் கோயில் வேப்பமரத்தடியில் வாழையிலைகளை வரிசையாக விரித்து, வெட்டின கெடாவின் கறியைக் கூறு கூறாகப் போட்டிருந்தார்கள். தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கோயிலுக்கு வரி கொடுத்துப் பேர் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. வரி வாங்குவது, கறியைப் பங்கு வைப்பது, அந்தந்த வீட்டுப் பெரியவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் கொத்துக்காரர் வேலை. கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆம்பளை போசிப் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போவான்.

"வேலன் ஊட்டுக் கூறு."

வேலன் வெள்ளியங்கிரியின் அப்பா. வெள்ளியங்கிரி வாங்கிக்கொண்டு திரும்பி நாலு எட்டு வைத்திருப்பார்.

"நஞ்சன் ஊட்டுக் கூறு."

"எந்த நஞ்சன்?" என்றது ஒரு குரல்.

"வேலனுக்கு அண்ணன் ஒருத்தன் மலேயாவுக்குக் கப்பலேறிப் போனானில்ல, அவந்தான்," என்றார் கொத்துக்காரர்.

"அவன் செத்து மண்ணாப் போயிட்டான். கறி திங்கவா எந்திரிச்சு வந்திருக்கறான்?"

சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் பக்கமிருந்து எழில் எழுந்து வந்தாள். கையில் போசி இல்லை. போன வருஷம் மலேசியாவிலிருந்து வெள்ளியங்கிரியின் மனைவிக்கு அவளே கொண்டுவந்த மைலோ டப்பாதான் இருந்தது.

"யாருங்கம்மணி வாங்கறது?" என்றார் கொத்துக்காரர், தெரியாதவர் மாதிரி.

"நானுங்க. நஞ்சனோட பேத்தி."

"பொம்பளைங்க வாங்கற வழக்கமில்லீங்களே."

"வரி வாங்கறப்ப நீங்க அதைச் சொல்லலீங்களே."

"அதுஞ் செரிதான்," என்று கறியை அள்ளி டப்பாவில் போட்டார். போடும்போது வெள்ளியங்கிரியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நாலைந்து வருஷமாகப் பேச்சு வார்த்தை அளவோடுதான்.

வீட்டுக்குப் போகிற வழியில் வெள்ளியங்கிரி முன்னால் நடந்தார். யூனியன் ஆபீஸில் ஜீப் ஓட்டுகிறவர். நடக்கும்போதும் முன்னால் யாரும் வரக்கூடாது என்கிற மாதிரிதான் நடப்பார். வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் திரும்பினார்.

"யாரைக் கேட்டு வரி குடுத்தே?"

"யாரையும் கேக்கலீங்க பெரியப்பா. பஸ்ஸை விட்டு எறங்கினேன், கொத்துக்காரரு வசூல் பண்ணிக்கிட்டு இருந்தாரு. குடுத்தேன்."

"என்ன சொல்லிக் குடுத்தே?"

"தாத்தா பேரைச் சொன்னேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி காளியாத்தாள் வந்தாள். சேதி அவளுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது.

"அஞ்சு வருசம் சோறு போட்டதுக்கு நல்லாச் செஞ்சுபோட்டா. ஏம்மணி, நீ இங்க படிக்க வந்தியா, பங்கு பிரிக்க வந்தியா?"

எழில் மலேசியாவில் ஈப்போவிலிருந்து கோயமுத்தூருக்குப் பிசியோதெரபி படிக்க வந்தவள். ஹாஸ்டலில் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டது வெள்ளியங்கிரிதான். லீவு விட்டால் சத்தியமங்கலம் பஸ் ஏறி இங்கேதான் வருவாள். வரும்போதெல்லாம் கோடாலித் தைலம், மைலோ, பெரியம்மாவுக்கு வழுவழுவென்று ஒரு சேலை. "எங்க மலேசியாப் புள்ளை" என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போவாள் காளியாத்தாள். இந்த மாசம் ரிசல்ட் வந்தது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சொல்லிவிட்டார்கள். ஆனால் படிப்பு முடிந்தால் விசாவும் முடிகிறது. தங்கவேண்டுமானால் உள்ளூர்ச் சொந்தக்காரர் ஒருத்தர் கமிஷனர் ஆபீசுக்கு நேரில் வந்து, "இவ எங்க ஊட்டுப் பொண்ணு, எங்க பொறுப்பு" என்று சொல்லவேண்டும் என்றார் அங்கிருந்த இன்ஸ்பெக்டர். திங்கட்கிழமை வருவதாக வெள்ளியங்கிரி ஒத்துக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது.

"எனக்குப் பங்கெல்லாம் தெரியாதுங்க பெரியம்மா," என்றாள் எழில். "வைகாசி வந்தா தாத்தா எஸ்டேட்டுல ஒரு கோழி அறுப்பாரு. 'அங்க என்ற கூறைக் காக்கா தின்னுட்டு இருக்கும்'னு சொல்லுவாரு. பாஸானா அவரு பேருல குடுக்கலாம்னு ஒரு நெனப்பு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா லா?" என்றாள் காளியாத்தாள். எழில் மலேசியாவிலிருந்து வந்த புதிதில் 'லா' போட்டுப் பேசின பேச்சு அது. முன்னெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லிக்காட்டுவாள்.

வெள்ளியங்கிரி திண்ணையில் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"கெடா வெட்டறப்ப அந்தச் சைட்டு போடறவன் வந்திருந்தான், பாத்தியா? வெள்ளைச் சட்டை, மோதிரம். நம்ம மேட்டாங்காட்டுக்கு வெலை பேசிட்டுப் போனவன். எங்க தாத்தன் காடு அது. எங்கப்பன் ஒத்தை ஆளா வெச்சிருந்தாரு, நான் ஒத்தை ஆளா வெச்சிருக்கறேன். இன்னைக்குக் கருப்பராயன் முன்னால நஞ்சனுக்குத் தனிக் கூறு குடுத்தாச்சு. நாளைக்கு அவன் என்ன கேப்பான்? 'ஏனுங்க, இன்னொரு பங்காளி இருக்குதாமே'ம்பான்."

"எனக்குக் காடு வேண்டாமுங்க."

"வேண்டாம்னு நீ சொன்னா ஆச்சா?"

"எழுதித் தாரேன்."

"எழுதாதே," என்றார் சட்டென்று. "வேண்டாம்னு எழுதினா, உனக்கு இருந்துதுன்னு ஆயிரும். நான் ஆபீசுல குப்பை கொட்டறவன், எனக்குத் தெரியாதா?"

அவர் மகள் அன்புக்கரசி கதவோரம் நின்றிருந்தாள். எழில் வயசுதான். லீவுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்பார்கள். காட்டை விற்று வருகிற பணத்தில்தான் அவள் கல்யாணம்.

"அப்பா சொல்லறதை முழுசாக் கேளு எழில்," என்றாள்.

"சொல்லுங்க பெரியப்பா."

"பொழுது விழுந்து தீபம் காட்டறப்ப எல்லாரும் கோயில்ல இருப்பாங்க. அந்த டப்பாவைக் கொண்டுபோய் எலையில திருப்பிக் கொட்டு. 'தெரியாமக் குடுத்துட்டேன், நஞ்சன் ஊடு தனியில்லை, வேலன் ஊட்டோட சேத்தி'ன்னு நாலு பேரு கேக்கச் சொல்லு. சொன்னீன்னா திங்கக்கெழமை நான் கமிஷனர் ஆபீசுக்கு வாரேன்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி எதுக்கு வாரேன்? குண்டு வெடிச்ச ஊரு. வெளிநாட்டுக்காரின்னாவே போலீஸ் ஆயிரம் கேள்வி கேக்கறான். எனக்கு என்ன தலையெழுத்தா?"

"போன வாரம் நான் வெளிநாட்டுக்காரி இல்லீங்களே."

"போன வாரம் நீ விருந்துக்கு வந்த ஒறம்பறை."

"ஒறம்பறையா வந்து தின்னுட்டுப் போனா ஊட்டுப் பொண்ணு. தாத்தன் பேரைச் சொன்னா வெளிநாட்டுக்காரி. அப்படித்தானுங்க?"

"அப்படித்தான்," என்றார் வெள்ளியங்கிரி. மழுப்பவில்லை.

"பேருதானே எழில், உட்டுரு," என்றாள் அன்புக்கரசி. "செத்தவருக்கு என்ன தெரியப்போகுது? உனக்கு வேலை கெடைச்சிருக்குது. அங்க போனா என்ன பண்ணுவே? உங்கப்பா லாரி ஓட்டின கம்பெனியவே மூடிட்டாங்கன்னு நீதானே அழுதே."

"பேருதானே. அப்ப உங்கப்பா உடட்டும்."

"பேச்சைப் பாரு," என்றாள் காளியாத்தாள். "ஆறு மாசமா லீவுக்கு வந்து, தூக்க முடியாத என்ற கையை நீவி உட்டா. அதுக்குக் காட்டைக் கேக்கறா."

"நான் எதையும் கேக்கலீங்க."

"கேக்காமத்தான் கொத்துக்காரன் எந்திரிச்சுக் கூப்பிட்டானா?"

டப்பாவின் மூடி இடுக்கில் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. எழில் அதைக் கையால் ஓட்டினாள். அவளுக்கு அந்த ஆஸ்பத்திரி கண்ணில் நின்றது. பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு மில் மேஸ்திரி, பரீட்சைக்கு முந்தின வாரம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்து போனார். வேலைக்கு எப்போது சேருகிறாய் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஈப்போவில் இந்தப் படிப்புக்கு இன்னொரு பரீட்சை எழுதவேண்டும்; ரிங்கிட் மதிப்பு விழுந்து கிடக்கிற நேரத்தில் அதற்குக் கட்டப் பணம் எங்கே? அதுவரைக்கும் ரப்பர் கையுறைக் கம்பெனியில் அக்காவோடு ஷிப்டுக்குப் போகவேண்டியதுதான்.

"என்ன முடிவு?" என்றார் வெள்ளியங்கிரி. "பொழுது எறங்குது."

"கறி கெட்டுப்போகுமுங்க. சமைக்கறேன்," என்றாள் எழில்.

காளியாத்தாள் சமையல்கட்டு வாசலை மறித்து நின்றாள்.

"அந்தக் கறி என்ற அடுப்புல ஏறாது."

"செரிங்க."

எழில் வாசலுக்கு வந்தாள். மாட்டுக் கொட்டகை கட்டப் போட்டிருந்த செங்கல்லில் மூன்றை எடுத்து முக்கோணமாக வைத்தாள். காய்ந்த தென்னமட்டையை முறித்தாள். எதிர்வீட்டில் இருந்தவர்கள் வெளியே வந்து நின்றார்கள். அன்புக்கரசி ஒரு மண்சட்டியும், கிண்ணத்தில் உப்பும் மொளகாய்ப்பொடியும் கொண்டுவந்து கீழே வைத்தாள்.

"சட்டியக் கழுவிக் குடுத்துரோணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தீக்குச்சியைக் கிழிக்கும்போது வெள்ளியங்கிரி வந்துவிட்டார்.

"ஏ, நிறுத்து. வாசல்ல தனி அடுப்பு மூட்டினா தனிக் குடித்தனம்னு அர்த்தம். ஊரு பாக்குது. தெரிஞ்சு பண்றியா, தெரியாமப் பண்றியா?"

"வரி குடுத்தது தெரியாமப் பண்ணினதுங்க," என்றாள் எழில். "இது தெரிஞ்சுதான்."

மட்டை படபடவென்று பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்கு எண்ணெய்க் குடத்தோடு போன கொத்துக்காரர் நின்றார்.

"நஞ்சன் ஊட்டுல பொகை வருதாட்ட இருக்குதுங்களே, வெள்ளியங்கிரி."

"உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க."

"இதுதானுங்க என்ற வேலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. காளியாத்தாள் பரண்மேல் இருந்த எழிலின் பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். ஆறு மாசத்துக்கு முன்னால் தலை சீவக்கூட மேலே போகாத கை. இப்போது நன்றாகத் தூக்கியது. எழில் அதைக் கவனித்தாள். காளியாத்தாளும் அவள் கவனிப்பதைக் கவனித்து, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமை நீங்க வரவேண்டாமுங்க பெரியப்பா," என்றாள் எழில், கறியைக் கிளறிக்கொண்டே. "நான் ஈப்போவுக்கே போறேன்."

வெள்ளியங்கிரி மூச்சை விட்டார். அதை மறைக்கவும் இல்லை.

"போறதுதான் நல்லது. உங்கப்பன் வேலையில்லாம இருக்கறான். போறப்ப கொத்துக்காரன்கிட்டச் சொல்லிப் பேரை எடுத்துரச் சொல்லிட்டுப் போயிரு."

"எடுக்க மாட்டாங்களாமுங்க. மூணு வருசம் வரி வராட்டித்தான் எடுப்பாங்களாம். அதுவரைக்கும் கூப்பிடுவாங்களாம்."

"அடுத்த வருசம் கூப்பிட்டா எவன் எந்திரிப்பான்?"

"நான் வருவேனுங்க."

"எப்படி வருவே? உனக்கு எவன் வந்து சொல்லுவான்?"

"இங்கியே தங்கறதுக்குத்தானுங்க உங்க வாய்ச்சொல்லு வேணும். டூரிஸ்ட்டா வந்துட்டுப் போக யாருதும் வேண்டாம். ரெண்டு நாள் கருப்பராயனைப் பாத்துட்டு, கூறு வாங்கித் தின்னுட்டுப் போயிருவேன். கையுறைக் கம்பெனியில வருசத்துக்கு ஒரு லீவு தருவாங்க."

வெள்ளியங்கிரி தெருப்பக்கம் திரும்பினார். தெருக்கோடியில் வெள்ளைச் சட்டைக்காரன் பைக்கை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கியே இரு, எழில்," என்றார் தாழ்ந்த குரலில். "அடுப்பை அணை. ஒண்ணும் கொட்ட வேண்டாம், சொல்லவும் வேண்டாம். அடுத்த வருசத்துலிருந்து வரி மட்டும் குடுக்காதே. திங்கக்கெழமை நான் வாரேன்."

"வந்து என்னன்னு சொல்லுவீங்க?"

"எங்க ஊட்டுப் பொண்ணுன்னு சொல்லறேன்."

"எந்த ஊட்டுப் பொண்ணுங்க?"

அவர் போய்த் திண்ணையில் உட்கார்ந்தார்.

கறி வேகவில்லை. மட்டைத் தீ எரிந்து சட்டென்று அடங்கிவிட்டது. ஊதி ஊதிப் பார்த்தாள். உப்பும் கூடிப்போயிருந்தது. எழில் பெட்டியின்மேல் உட்கார்ந்து, சட்டியிலிருந்தே எடுத்து ஒவ்வொரு துண்டாக மென்றாள். நார் நாராக இருந்தது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் கடைசிவரைக்கும் நின்றார்கள்.

"கோயமுத்தூரு போற கடைசி பஸ்ஸு போயிரும்," என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள் காளியாத்தாள், யாரிடம் என்றில்லாமல்.

எழில் எழுந்து பெட்டியைத் தூக்கினாள்.

"வாரேனுங்க பெரியப்பா."

"சட்டி," என்றாள் காளியாத்தாள்.

எழில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போய், கரியும் நெய்ப்பசையும் போகச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூன்று செங்கல்லின்மேல் கவிழ்த்து வைத்தாள். செங்கல்லைக் கலைக்கவில்லை.