அளவு நோட்டு

"அந்த நோட்டை அடுப்புல போடு. நாமளும் சேர்ந்துதான் கொன்னோம்னு ஊரே பேசும். கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்றார் கணவர்.

தையல்காரி மெஷின் மேல் கிடந்த அளவு நோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். இருபது வருஷமாக அவர் இப்படித்தான் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்.

மகள் செத்து ஒன்பது மாதம். மாடிப்படியில் தவறி விழுந்தாள் என்றான் மருமகன். அடித்துக் கொன்றான் என்றது போலீஸ். கோர்ட் வாசலில் தினமும் கேமராக்கள் தவம் கிடந்தன.

அரசு வக்கீல் நல்ல மனிதர்தான். நேற்றே அவளை உட்கார வைத்துப் பாடம் சொல்லியிருந்தார்.

"அவன் அடிச்சது முன்னாடியே தெரியும்னு சொல்லிடாதீங்கம்மா. அவனோட வக்கீல் உங்களைக் கிழிச்சிருவார். ஒண்ணும் தெரியாத அம்மாவா நில்லுங்க. அழுகை வந்தா அழுங்க, போதும்."

எதிர்த்தரப்பின் வாதம் எளிமையானது. மூன்று வருஷக் குடித்தனத்தில் ஒரு புகார் உண்டா, ஒரு மருந்துச் சீட்டு உண்டா? கூண்டில் நின்றவளிடம் மருமகனின் வக்கீல் தேனொழுகக் கேட்டார்.

"மாப்பிள்ளையைப் பத்தி உங்க பொண்ணு ஒரு வார்த்தை குறை சொன்னதுண்டாம்மா?"

"வாயால சொன்னதில்லைங்க."

"வேற எப்படிச் சொன்னாங்க?"

பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது அவர் தொழிலின் பாலபாடம். நிரம்பி வழிந்த கூட்டத்தைப் பார்த்ததில் மறந்துவிட்டார்.

அவள் நோட்டைப் பிரித்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அவ ஜாக்கெட்டுக்குக் கை ஆறு அங்குலம். நாலாம் மாசம் பத்து. அடுத்த வருஷம் பதினாலு. கடைசியா இருபத்தொண்ணு, மணிக்கட்டு வரைக்கும். எல்லாத்துக்கும் தேதி போட்டிருக்கு. அளவெடுக்கும்போது காயத்தைப் பார்த்தேங்க."

அரசு வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சுதாரித்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"பார்த்தும் ஏன் திருப்பி அனுப்புனீங்க?"

ஒன்பது மாதமாகத் தன்னையே அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவராவது கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்றுகூட ஏங்கியிருக்கிறாள். அவர்களும் பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்கள், எப்படிக் கேட்பார்கள்?

"அனுசரிச்சுப் போம்மா, நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு நானும் அவங்கப்பாவும்தான் சொல்லி அனுப்புனோம். ஒவ்வொரு தடவையும்."

பின்வரிசையில் கணவர் எழுந்து வெளியே போனார். அவள் அதைப் பார்த்தாள், பேச்சை நிறுத்தவில்லை.

"ஜாக்கெட் கை மேல ஏறினா காயம் தெரியும்னு மணிக்கட்டுல ரெண்டு பித்தான் வச்சுக் குடுத்தேன். அவ கேக்கல. நானாத்தான் வச்சேன்."

சாட்சியம் பதிகிற தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல்கள் நின்றுவிட்டன.

தையல்காரி அவள் பக்கம் திரும்பினாள்.

"பித்தானையும் எழுதிக்கம்மா."