சிட்டுவின் முழுக்கைச் சட்டை

காத்திருப்போர் பெஞ்சில் இருந்த ஒருவர், "உங்க டோக்கன் நம்பர் என்னம்மா? எனக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று சிட்டுவிடம் கேட்டார். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. சிட்டு அந்தக் காது மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதகராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வேலையில் கெட்டிக்காரி. ஆனால் வெளுத்துப்போன சட்டையும், முழங்காலில் தொளதொளத்த பேன்ட்டும், கல்லூரிக் காலத்துச் செருப்புமாக அவள் வராந்தாவில் நடந்து போனால், யாரோ தூரத்து ஊரிலிருந்து காது வலியோடு வந்தவள் என்றுதான் தோன்றும். ஆள் வேறு குள்ளம். சிட்டு என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

பெஞ்சுக்காரர் கேட்டது டாக்டர் காதிலும் விழுந்துவிட்டது. அன்று மதியமே கூப்பிட்டார்.

"உங்க வேலையில குறை ஒண்ணும் இல்ல. ஆனா உள்ள வர்றவங்களுக்கு உங்களைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை வரணுமில்லையா? கொஞ்சம் நல்லா உடுத்திட்டு வாங்க. அடுத்த மாசம் நிரந்தர வேலை ஒரே ஒரு இடம்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. யோசிச்சுக்குங்க."

இன்னொருத்தி, பக்கத்துப் பரிசோதனை அறையில் இருந்த நெட்டை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நெட்டைக்குக் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். எதைப் போட்டாலும் எடுப்பாகத் தெரியும். அதுவரை சிட்டுவுக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டை இருவரும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பிடுவார்கள். "ஒரே ஒரு இடம்" என்று டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து அந்த மேசையில் சிட்டுவுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் அண்ணி இதைக் கேட்டதும் துணி அலமாரியைத் திறந்துவிட்டாள். அண்ணி ஒரு பெரிய விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். உடுத்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"முதல்ல இந்தத் தொளதொள பேன்ட்டை எல்லாம் தரை துடைக்கப் போடு. தோள்பட்டைத் தையல் தோள்லதான் இருக்கணும், முழங்கைக்கு வரக்கூடாது. ஷூவுக்கு தினமும் பாலிஷ். சட்டை இடுப்புல பொட்டலம் கட்டின மாதிரி இருக்கக்கூடாது."

"என்ன, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்றான் அண்ணன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"நீங்க சும்மா இருங்க. உங்க சட்டைக் காலரைப் பார்த்தா கழுதை மேய்ஞ்ச மாதிரி இருக்கு."

அந்த வாரமே அண்ணி அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு ஜோடி ஷூவும், சாம்பல் நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டையும் வாங்கிக்கொடுத்தாள். வழவழப்பான துணி. மணிக்கட்டில் பக்கத்துக்கு மூன்றாக வெள்ளிப் பொத்தான்கள், கண்ணாடிபோல் பளபளத்தன. சிட்டு அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, உள்ளே நின்றவள் ஒரு அதிகாரி மாதிரி இருந்தாள்.

"இன்னொண்ணு," என்றாள் அண்ணி. "உன் மேசை விளக்கைக் கிட்ட இழுத்து வச்சுக்கோ. வெளிச்சம் மேல விழுந்தாதான் எதிர்ல இருக்கறவங்களுக்கு உன்னைத் தெரியும். இருட்டுல உக்காந்துட்டு எவ்வளவு நல்லா உடுத்தி என்ன?"

மறுநாள் காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். டோக்கன் கொடுப்பவர், "யாருன்னு தெரியலையே!" என்று வாயைப் பிளந்தார். டாக்டர்கூட நின்று பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். தன் அறையில் சிட்டு மேசை விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டாள். நெட்டை மட்டும் பரிசோதனை அறை வாசலில் நின்று, நோயாளி ஒருவரைச் சிட்டு சோதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் போனதும் உள்ளே வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சிட்டு. ஆனா இந்தச் சட்டை இந்த ரூமுக்கு வேண்டாம்."

"ஏன், உனக்கென்ன வயித்தெரிச்சலா?"

சிட்டு அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. நெட்டையின் முகம் சுருங்கியது. மேலே ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் போய்விட்டாள்.

சந்தேகம் என்பது வீட்டுக்குள் வந்த எலி மாதிரி. ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் போதும், அப்புறம் காற்றில் காகிதம் அசைந்தாலும் அதுதான் என்று தோன்றும்.

அடுத்த நாள் காலை சிட்டு வந்தபோது அவளுடைய மேசை விளக்கு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. துப்புரவு செய்தவர் இடித்திருப்பார் என்று நினைத்து நேராக்கினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், விளக்கு மேசையின் அடுத்த மூலைக்கே போயிருந்தது. சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு அதை முன்னைவிட நெருக்கமாக இழுத்து வைத்தாள்.

பிறகொரு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, கண்ணாடி ஜன்னல் வைத்த சிறு அறைக்குள், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் நெட்டை உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த சுவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டுவைக் கண்டதும் விருட்டென்று எழுந்தாள்.

"என்ன பண்றே இங்க?"

"ஒண்ணுமில்ல. கால் வலிச்சுது."

உன் அறையில் நாற்காலி இல்லையா என்று கேட்க சிட்டுவுக்கு நா துடித்தது. கேட்கவில்லை.

மாலையில் அண்ணியிடம் சொன்னாள். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "கண்ணு, அது பச்சைப் பொறாமை. நீ பழைய கந்தலோடயே இருந்திருந்தா அவளுக்கு நிம்மதி. உன் ஃபைலை எல்லாம் பத்திரமா வச்சுக்கோ."

மறுநாள் சிட்டு தன் கோப்புகளை எண்ணிப் பார்த்தாள். ஐந்து குறைந்தது. நெட்டை வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவளது அறைக்குள் நுழைந்தாள். ஐந்தும் அங்கே, இழுப்பறையில் இருந்தன. மூன்றில் சிட்டு எடுத்த பரிசோதனைத் தாளுக்கு மேல் இன்னொரு தாள் குத்தப்பட்டிருந்தது. 'மறுபரிசோதனை' என்று நெட்டையின் சாய்ந்த கையெழுத்து. ஒன்றில் சிட்டு 'இயல்பான செவித்திறன்' என்று எழுதியிருந்தாள். மேல் தாளில் கோடு சரசரவென்று கீழே இறங்கி, காது சரியாகக் கேட்கவில்லை என்று காட்டியது.

என் நோயாளிகளை எனக்குத் தெரியாமல் கூப்பிட்டு, நான் போட்டதெல்லாம் தப்பு என்று காட்ட ஆதாரம் சேர்க்கிறாளா? சிட்டுவின் காது மடல் சூடேறியது. ஐந்தையும் வாரி அணைத்துக்கொண்டு டாக்டர் அறையை நோக்கி நடந்தாள். ஷூ சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

டாக்டர் உள்ளே வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் ஒரு பெரிய உருவம் உட்கார்ந்திருந்தது. அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கும் கிரேன் ஓட்டுபவர். பத்து நாளைக்கு முன் தகுதிச் சான்றுக்காகச் சிட்டுவிடம்தான் சோதனைக்கு வந்திருந்தார். சிட்டுவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வணக்கம்மா! மெஷினைச் சரி பண்ணிட்டாங்களா?" என்றார், ஊருக்கே கேட்கும் குரலில்.

"எந்த மெஷின்?"

"ஆ?"

"எந்த மெஷின்னு கேட்டேன்!"

"உங்க மெஷின்தான். அந்த உயரமான பொண்ணு போன் பண்ணிச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல, மெஷின்ல ஏதோ சந்தேகம், இன்னொரு வாட்டி வந்துட்டுப் போங்கன்னு. நேத்து வந்து குடுத்துட்டேன், இன்னிக்கு டாக்டரைப் பார்க்க வந்தேன். நல்ல பொண்ணு. அன்னிக்கு நான் போறப்ப, மருந்துக் கடை எந்தப் பக்கம்னு மூணு வாட்டி சொல்லுச்சு. எனக்கு விழவே இல்ல. நாலாவது வாட்டி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டே போயிருச்சு."

சிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஐயா, அன்னிக்கு என்கிட்ட எல்லாச் சத்தத்துக்கும் சரியா பொத்தானை அமுக்கினீங்களே?" என்று காதருகே உரக்கக் கேட்டாள்.

"பின்ன? ஒண்ணுகூட விடலையே! வெளிச்சம் வந்தப்ப எல்லாம் அமுக்கினேன்."

"என்ன வெளிச்சம்?"

"சுவத்துல ஒரு சின்ன வெளிச்சம் துள்ளுமே! எங்க வேலையில அப்படித்தாம்மா. இரைச்சல்ல விசில் கேக்காதுன்னு கீழ இருந்து விளக்கை ஆட்டுவாங்க. நீங்களும் அந்த மாதிரிதான் வச்சிருக்கீங்க போலன்னு நினைச்சேன்."

சிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். மேசை முன் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். நோயாளி பரிசோதகரின் கையைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே மேசையில் மறைப்புப் பலகை உண்டு. பலகைக்குப் பின்னால், ஒலி எழுப்பும் பொத்தானை ஒரு முறை அழுத்தினாள். மணிக்கட்டு அசைந்தது. வெள்ளிப் பொத்தான்களில் பட்ட விளக்கொளி பலகைக்கு மேலாகக் கண்ணாடி ஜன்னலைத் தாண்டிப் போய், உள்சுவரில் மூன்று மின்மினிகளாகத் துள்ளி விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி துள்ளியது.

இந்தச் சட்டையைப் போட்ட நாளெல்லாம் அவள் காதைச் சோதிக்கவில்லை. கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஐம்பது அடி உயரத்தில் உட்கார்ந்து பாரம் இறக்குகிற மனிதருக்கு, கீழே ஊதுகிற விசில் கேட்காது. கேட்கும் என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

நெட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலியான இழுப்பறையைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"ஏன்டி சொல்லல?" என்றாள் சிட்டு.

"சொல்ல வந்தேனே. வயித்தெரிச்சலான்னு கேட்டே." நெட்டை கதவில் சாய்ந்துகொண்டாள். "அப்புறம் நானும் யோசிச்சேன். இருக்கிறது ஒரு வேலை. நான் என்ன சொன்னாலும் நீ நம்ப மாட்டே. டாக்டர்கிட்ட சொன்னா போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும். அதான் விளக்கைத் திருப்பி வச்சுப் பார்த்தேன். நீ என்னடான்னா தினமும் இன்னும் கிட்ட இழுத்து வச்சுக்கறே!"

இருவருக்குமே சிரிப்பு வந்தது. சிட்டுவுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"கிரேன்காரருக்குச் சான்று போயிருச்சா?"

"நிறுத்தி வச்சுட்டேன். நல்லாக் கேக்குதுன்னு நீ எழுதினவங்கள்ல சந்தேகம் வந்தது அஞ்சு பேர்தான், இன்னும் ரெண்டு பேரை மட்டும் கூப்பிடணும். அதுவும் முடிஞ்சா யாருக்கும் தெரியாது. உன் பேர் வெளிய வராது."

தனக்குப் போட்டியாக நிற்பவளின் தவறை, தன் மதிய நேரத்தைச் செலவழித்து ஒருத்தி ஓசைப்படாமல் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். கடவுள் மனிதரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இப்படித்தான், பக்கத்து அறையிலிருந்து ஒரு ஆளை அனுப்பி. ஆனால் அந்த அன்பின் நிழலில் ஒளிந்துகொள்வது வேறு, அதற்குத் தகுதியாக நடந்துகொள்வது வேறு. யாருக்கும் தெரியாது என்று நெட்டை சொன்ன அந்த இடத்தில், தனக்குத் தெரியுமே என்று சிட்டுவின் மனம் குறுகுறுத்தது.

அவள் டாக்டர் அறைக்குப் போனாள். நெட்டை கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். விளக்கு, பொத்தான், ஐந்து கோப்பு, தன் சந்தேகம் உட்பட.

டாக்டர் எழுந்து சிட்டுவின் அறைக்கு வந்து, நோயாளியின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, சிட்டு பொத்தானை அழுத்த, சுவரில் வெளிச்சம் துள்ளுவதைப் பார்த்தார்.

"நல்லா உடுத்திட்டு வாங்கன்னு சொன்னது நான்தான்," என்றார் கடைசியில். "எந்த வேலைக்கு எது நல்ல உடுப்புன்னு நானும் யோசிக்கல. சட்டை தைச்ச விதம் நல்லாத்தான் இருக்கு. பொத்தானை மட்டும் மாத்துங்க." பின்னாலேயே வந்து நின்ற நெட்டையின் பக்கம் திரும்பினார். "மெஷின் மேல பழி போட்டீங்களே, அது சரியில்ல. என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"தப்புதான் சார்."

"நிரந்தர வேலை உங்களுக்குத்தான். சிட்டுவுக்கு இன்னும் ஆறு மாசம் தற்காலிகம்."

நெட்டை ஏதோ மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். சிட்டு அவள் காலை மிதித்தாள், பாலிஷ் போட்ட ஷூவால்.

வேலை கைவிட்டுப் போனது வலிக்காமல் இல்லை. ஆனால் அண்ணியிடம் என்ன சொல்வது என்பதைவிட, மீதி இருந்த இரண்டு பெயர்கள்தான் அவள் மனதில் நின்றன. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, வரவேற்பு மேசைத் தொலைபேசியை எடுத்தாள். காத்திருப்போர் பெஞ்சில் இருபது பேர் இருந்தார்கள்.

"ஐயா, காது ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். போன வாரம் உங்களுக்கு எடுத்த பரிசோதனை சரியில்ல. தப்பு என்னோடது. மறுபடி வர முடியுமா?"

"ஆ? யாரோடது?"

"என்னோடது."

"ஒண்ணும் விழலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சிட்டு பெஞ்சைப் பார்த்தாள். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, எழுந்து நின்றாள்.

"தப்பு என்னோடதுங்க!" என்று கத்தினாள்.

இருபது தலைகளில் ஒரு எட்டு மட்டும் திரும்பின.